கல்லடிபட்ட ஒரு நாவல்

நல்ல நூல்கள் யாவும் பிறந்த அன்றே போற்றப்படுவதில்லை. அமெரிக்கரான ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலை அக்காலத் திறனாய்வாளர் பலர் எள்ளி ஒதுக்கினர். 1891-இல் அவர் இறந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே அதன் பெருமை புலப்பட்டது. தமிழிலும் இதையொத்த வரலாறு ஒன்று உண்டு. அது ஓர் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்தின் கதையாதலின், நம் இல்லங்களில் அறியப்பட வேண்டியது.

இமையம் எழுதிய 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வெளிவந்தது. கதைத்தலைவி ஆரோக்கியம், கணவன் சவுரி, மகள் மேரி. ஊரார் தீண்டத்தகாதவரென ஒதுக்கிய மக்களுக்குத் துணி வெளுப்பதே இக்குடும்பத்தின் தொழில். அம்மக்களின் பிறப்பிலும் இறப்பிலும் பணிசெய்து, வீடுதோறும் சோறு பெற்று, களத்தில் கிடைக்கும் தானியத்தை நம்பி இவர்கள் வாழ்கின்றனர். ஒதுக்கப்பட்டோரும் தமக்குக் கீழே ஒருவரை ஒதுக்குகின்றனர் என்பதே நாவல் காட்டும் கசப்பான உண்மை.

எழுத்தாளர் சுந்தர ராமசாமி இந்நாவலை மிக உயர்வாகப் பாராட்டினார். ஆயினும், ராஜ் கௌதமன் உள்ளிட்ட தலித் திறனாய்வாளர்களிடமிருந்து கடுமையான கண்டனமும் எழுந்தது. ஏற்கெனவே இழிவுபடுத்தப்பட்ட மக்களின் குறையை ஊரறியக் காட்டினால், அவர்களை ஒடுக்குவோர் கையில் கோலெடுத்துக் கொடுத்ததாகாதா? இவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. துன்புற்றோரின் அச்சம் அதில் இருக்கிறது.

எனினும், அந்த அச்சத்துக்காக ஆரோக்கியத்தின் கண்ணீரை மறைத்துவிட முடியுமா? எல்லாருக்கும் கீழே நிற்பவளுக்காகப் பேசுவோர் வேறு யார்? காலம் இவ்வினாவுக்கு விடை தந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பால் நாவல் கடல் கடந்தது. இமையத்தின் மற்றொரு நாவலான 'செல்லாத பண'த்துக்கு 2020-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கண்டனத்துக்கு உள்ளான அந்த முதல் நாவலோ இன்றும் வாசிக்கப்படுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தத் தொழிலாளியைத் தாழ்வாக நோக்குவதும், அவர் வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவரைத் தாழ்வாக நோக்குவதும் நாம் காணாதவை அல்ல. நமக்கு மேலே நின்று நம்மை மிதிப்பவரை நாம் நன்கறிவோம். நம் காலடியில் நிற்பவரின் பெயரையேனும் அறிவோமா? அன்பர்களே, இந்நாவலை வாங்கிப் படியுங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு அதுபற்றி உரையாடுங்கள். மனம் கசந்தால் நூலை மூடிவிடாதீர்கள்; அக்கசப்பு எங்கிருந்து வந்ததென்று ஆராயுங்கள்.