வயிற்றில் விழும் வரிகள்

கர்ப்பிணிகளுக்கு ஆறாம் ஏழாம் மாதத்தில் வயிற்றிலும் தொடையிலும் மார்பிலும் செவ்வரிகள் தோன்றுவது புதிய விஷயமன்று. நம் பாட்டிமார்கள் இதற்காகத் தூக்கத்தை இழந்ததாகத் தெரியவில்லை. இக்காலத்திலோ விளம்பரக்காரர்கள் சிறு குப்பியில் தைலத்தை அடைத்து, 'இனி வரி விழாது' என்னும் வாக்குறுதியையும் சேர்த்து விற்கிறார்கள். அந்த வாக்குறுதிக்கு மதிப்பென்ன என்று நாம் விசாரிப்பது நியாயமே.

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் இழைகள், தறியில் பாவும் ஊடும் போலப் பின்னிக் கிடக்கின்றன. சிசு வளர வளர வயிறு விரைந்து விரிகிறது. கர்ப்ப காலத்து ஹார்மோன்களும் இழைகளின் கட்டைத் தளர்த்துவதாக வைத்தியர்கள் கருதுகிறார்கள். தாங்கமாட்டாத இடத்தில் இழை அறுகிறது. வெளியே வரியாகத் தெரிகிறது. நாம் பூசும் எண்ணெய் பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. அறுவதோ அதற்கும் கீழே.

வயிற்றைச் சொறிந்தால் வரி விழும் என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பதுண்டு. தோல் இழுபடுவதால் அரிப்பும் வரியும் சேர்ந்து வருகின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. ஆயினும் நகம் பட்டுப் புண்ணாகாதிருக்க அந்தக் கண்டிப்பு உதவும்.

2012-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் சர்வதேச ஸ்தாபனம், 800 ஸ்திரீகளைக் கொண்டு நடந்த 6 பரிசோதனைகளை ஆராய்ந்தது. பூச்சு மருந்து எதுவும் வரியைத் தடுக்கும் என்பதற்குத் தரமான சான்று கிட்டவில்லை. ஆலிவ் எண்ணெயும் கோகோ வெண்ணெயும் அப்பரீட்சையில் தேறவில்லை. சுதேசிச் சரக்கு என்பதற்காக நம் தேங்காயெண்ணெய்க்குத் தனிச் சலுகை காட்டுவதும் முறையாகாது. நீராடுமுன் அதனை மெல்லத் தடவினால் வறட்சி தணியும், செலவும் சொற்பம். அவ்வளவே அதனிடம் எதிர்பார்க்கலாம்.

தாய்க்கு வரி இருந்திருந்தால் மகளுக்கும் வரக்கூடும். இளவயதில் கருவுற்றவர்களுக்கும், எடை மிக ஏறியவர்களுக்கும் அதிகம் காணப்படுகிறது. வம்சத்தையும் வயதையும் மாற்ற இயலாது. எடை மட்டுமே ஓரளவு நம் வசம் உள்ளது. இயல்பான எடையுள்ள ஸ்திரீ ஒற்றைச் சிசுவைச் சுமக்கையில் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம் என்று 2009-இல் அமெரிக்க வைத்திய நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. 'இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு' என்று நெய்யும் இனிப்பும் திணிப்பது வேண்டாம். வரிக்கு அஞ்சி ஆகாரத்தைக் குறைப்பதோ அதனினும் கொடிது, நஷ்டம் சிசுவுக்கு.

பிரசவத்திற்குப் பின் சில மாதங்களில் செந்நிறம் மங்கி வரிகள் வெளிறிப்போகும். முற்றும் மறைவதில்லை. லேசர் சிகிச்சையால் சற்றுக் குறையலாம். பணம் ஏராளமாய்ச் செலவாகும். ரெட்டினாய்டு கலந்த களிம்பைக் கர்ப்ப காலத்தில் தீண்டலாகாது. கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டுக் களிம்பை நெடுநாள் பூசினால், அதுவே தோலை மெலிவித்துப் புதிய வரிகளை உண்டாக்கும்!

அரிப்பைப் பற்றி இன்னொன்று கூறவேண்டும். கடைசி மாதங்களில், தடிப்பு ஏதுமின்றி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பெடுத்து, இரவில் அதிகரிக்குமானால், அது வரியால் வந்ததன்று. கல்லீரலில் பித்தநீர் தேங்கியதன் அறிகுறியாயிருக்கலாம். சிசுவுக்கு அபாயம் நேரக்கூடும். எண்ணெய் தடவிக்கொண்டு காத்திராமல் அன்றே வைத்தியரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.