"மாத்திரை எடுத்துக் கொடுக்க 4 வருஷப் படிப்பா?" பார்மசி மாணவர்கள் படிக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது என்ன?

பார்மசி கல்லூரியில் சேரும் பையனோ, பெண்ணோ வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரிடம் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பதில் தெரியாமல் விழிப்பவர்கள்தான் அதிகம்.

"முதல்ல பாஸ் பண்ணுவோம். அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாளைக் கடத்துகிறார்கள். அங்கேதான் ஆபத்து!

எத்தனை வருஷம்?

டி.பார்ம் 2 ஆண்டு. பி.பார்ம் 4 ஆண்டு. பார்ம்.டி 6 ஆண்டு. இதில் கடைசி ஓராண்டு முழுக்கப் பயிற்சி. டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்மில் நேராக 2-ம் ஆண்டில் சேரலாம்.

எந்தப் படிப்பானாலும் மாநில பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு பெற்றவர்தான் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம். இது 1948-ம் ஆண்டு பார்மசி சட்டம்.

வாசல்கள் பல

அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுனர் ஆக, டி.பார்ம் படித்தவரும் மனு செய்யலாம். 2012-ல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. ஆனால் கடைகளைச் சோதனை போடும் மருந்து ஆய்வாளர் ஆக வேண்டுமா? டி.பார்ம் போதாது. பட்டம் வேண்டும். தேர்வாணையப் பரீட்சையும் எழுத வேண்டும்.

மேற்கொண்டு எம்.பார்ம் படிக்க "ஜிபாட்" தேர்வு இருக்கிறது. பி.பார்ம் கடைசி வருஷத்தில் இருக்கும்போதே எழுதலாம். "முடிச்சிட்டுப் பார்க்கலாம்" என்பவருக்கு ஒரு வருஷம் வீண்.

கம்பெனி வேலை என்றால் சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டையே இருக்கிறது. தயாரிப்பு, தரப் பரிசோதனை என்று பல பிரிவுகள். லேப் வகுப்புக்கு மட்டம் போட்டவர் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வார்.

சொந்தக் கடை ஆசை உள்ளவர் சில்லறை லைசென்சுக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் காட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது, டி.பார்ம், பி.பார்ம் படித்த தனிநபர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது.

வாடகைக்குப் போகும் சர்டிபிகேட்!

வழி தேடாமல் நிற்பவரைத் தேடி ஒரு வலை வருகிறது. "சர்டிபிகேட் சும்மாதானே கிடக்குது? கடையில மாட்டிக்கிறோம். நீங்க வரவே வேணாம். மாசாமாசம் பணம் வந்துடும்."

காசு ருசியாகத்தான் இருக்கும். சுவரில் ஒருவர் பெயர்; மருந்து கொடுப்பது இன்னொருவர் கை. டாக்டரின் கிறுக்கல் எழுத்தைத் தப்பாகப் படித்து மருந்து மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து. விசாரணை வந்தால் சுவரில் இருக்கும் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள்.

கவுன்சில் நினைத்தால் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். நீக்கினால் 4 வருஷப் படிப்பும், அப்பா கட்டிய பீசும் தண்ணீரில் கரைத்த உப்புதான்! அந்த நாட்களில் கடையில் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் அனுபவமும் போச்சு.

எப்போது யோசிப்பது?

முதல் 2 ஆண்டில் எந்தப் பாடம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 3-ம் ஆண்டு லீவில் ஒரு கடை, ஒரு கம்பெனி, ஓர் ஆஸ்பத்திரி என்று நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. 4-ம் ஆண்டு தொடங்கும்போது எந்த வாசல் என்று முடிவாகி இருக்க வேண்டும்.

பொதுமக்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்து வாங்கும்போது, "மருந்தாளுனர் இருக்காரா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வாடகைச் சர்டிபிகேட் கடைக்காரருக்கு வேர்த்துவிடும்!