புதியவருக்கேற்ற மந்தை நாய்

ஏர் பிடித்துப் பழகாத இளைஞனிடம் நுகம் அறியாத நாம்பன்களை ஒப்புவிக்கும் கமக்காரர் இலர். ஆயினும், பிரித்தானியாவில் செம்மறி வளர்ப்பிற் புதிதாக இறங்குவோர் பலர், மந்தை நாய் வாங்கும்போது இதனை ஒத்த பிழையையே செய்கின்றனர். குட்டியின் அழகில் மயங்கி அதனை வாங்கிவிடுகின்றனர். தொழிலை ஆளும் அறியார், நாயும் அறியாது.

மந்தை நாய்களுட் பெயர்பெற்றது போர்டர் கொலி. இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து எல்லைப்புற மலைப் பண்ணைகளில் உருவானமையால் இப்பெயர் ஏற்பட்டது. 1893 இல் நோதம்பர்லாந்தில் அடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ இவ்வினத்தின் மூதாதையாகக் கொள்ளப்படுகின்றது. குரைத்தும் கடித்தும் ஆடுகளைச் சிதறடியாது, பதுங்கி நின்று பார்வையாலேயே அவற்றை நகர்த்துவது இவ்வினத்தின் திறமை.

அத்திறமை மிகினும் புதியவருக்கு இடரே. பார்வை மிகக் கடுமையான நாய், ஆட்டை உறுத்து நோக்கியவாறே அசையாது நின்றுவிடும். வேகம் மிக்கதோ நெருங்கிப் பாய்ந்து மந்தையைக் கலைக்கும். தேர்ந்த மேய்ப்பர் இவற்றையும் ஆள்வர். புதியவருக்கு வேண்டியது, மூன்று முதல் ஆறு வயதான, நன்கு பழகிய, ஆடுகளிலிருந்து சற்று விலகி வேலை செய்யும் சாந்தமான நாயே. விலை அதிகந்தான். எனினும், குட்டியை ஆடுகளோடு பழக்கத் தொடங்குவதற்கே பெரும்பாலும் எட்டு மாதத்துக்கு மேற் காத்திருத்தல் வேண்டும். அதன்பின் பயிற்சிக்கும் நெடுங்காலஞ் செல்லும்.

விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி வாங்கலாகாது. முதலில் அவரும், பின்னர் வாங்குபவரும் ஆடுகளிடம் நாயை ஏவிப் பார்த்தல் வேண்டும். அகன்று சுற்றி மந்தையின் பின்புறஞ் சென்று, அதனை ஆளிடம் கொண்டுவருகின்றதா? தூரத்தில் நிற்கையிலும் ‘படு’ என்றவுடன் படுக்கின்றதா? அழைத்தால் ஆட்டை விட்டு வருகின்றதா? இவற்றுள் நிற்கச் செய்தலே தலையாயது. நிறுத்த இயலாத நாய் சினையாடுகளைத் துரத்தி வேலியோடு நெருக்கும், கருச்சிதைவும் நேரலாம்.

பழைய எசமானர் வழங்கிய ஏவற் சொற்களையும் சீழ்க்கைகளையும் அவ்வண்ணமே கற்றல் வேண்டும். வலஞ்சுழியாகச் செல்ல ‘கம் பை’ என்றும், இடஞ்சுழியாகச் செல்ல ‘அவே’ என்றும் பொதுவாக ஏவுவர். நாய் சொற்பொருளை அறியாது, ஒலியையே அறியும். ஆதலால் உச்சரிப்பு மாறினும் அது தடுமாறும்.

கால்கள், பற்கள் ஆகியவற்றோடு கண்களையும் சோதித்தல் நன்று. கொலி இனத்திற் பரம்பரைக் கண்நோய் உண்டு. பெற்றோரின் சோதனைப் பத்திரங்களைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

வீடு சேர்ந்த நாய், புதிய எசமானருக்கு உடனே அடங்கும் என எதிர்பார்த்தல் தகாது. சில வாரம் தம்முடனேயே வைத்து உணவூட்டி, பெரிய மந்தையிடம் விடாது, சாதுவான ஐந்தாறு ஆடுகளைக் கொண்டு சிறிய அடைப்பினுள் வேலையைத் தொடங்குதல் வேண்டும்.