பாஸ் அவுட்: பட்டமா, மயக்கமா?

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022’. நம்ம ஊர் நேர்காணலில் இப்படிச் சொன்னால், அந்த ஆண்டு படிப்பை முடித்தவர் என்று புரிந்துகொள்வார்கள். அதையே அமெரிக்க நிறுவனத்தின் ஆன்லைன் நேர்காணலில் சொன்னால், ‘அடடா, மயங்கி விழுந்துட்டாரா?’ என்று கேட்பவர் குழம்பக்கூடும். அங்கே பாஸ் அவுட் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, சுயநினைவை இழப்பதுதான். வெயிலில் மயங்கினாலும் சரி, அளவுக்கு மீறிக் குடித்துச் சாய்ந்தாலும் சரி, இதே சொல்தான்.

அப்போ நாம் சொல்வது தப்பா? முழுக்க அப்படியும் இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதும் பாஸ் அவுட்தான். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் ‘பாசிங் அவுட் பரேடு’ இந்தப் பொருளில்தான். இந்திய ஆங்கிலத்தில் கல்லூரிக்கும் அது பொருந்திவிட்டது.

மூன்றாவது பொருளும் உண்டு. ‘ஷி பாஸ்டு அவுட் த நோட்டீசஸ்’ என்றால், நோட்டீஸ்களை எல்லோருக்கும் கொடுத்தாள்.

வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கிறீர்களா? ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2022’ என்று எழுதுங்கள். பள்ளிப் படிப்பு என்றால் ‘ஐ ஃபினிஷ்டு ஸ்கூல்’ போதும். எந்த நாட்டவருக்கும் குழப்பம் வராது.