உராய்வை நேரே அளந்த பொறியாளர்

ஆய்வுக்கூடத்தில் இயந்திரப் பொறியாளரின் முதல் வேலை, கடையில் கிடைக்காத கருவியைத் தானே உருவாக்குவது. கோட்பாடு சொல்வது சரியா என்று அளந்து பார்க்க அந்தக் கருவியைத் தவிர வேறு வழியில்லை. சதீஷ் தவானின் (1920–2002) வாழ்க்கை இதற்கு அருமையான சான்று. அவரை இஸ்ரோ தலைவராகவே பலரும் அறிவர். அவருடைய வேர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

லாகூரில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம் எல்லாம் படித்த பிறகு, 1945இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார் தவான். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா சென்றார். அங்கே கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஹான்ஸ் லீப்மன் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்து 1951இல் முனைவரானார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, ஓடும் காற்று ஒரு பரப்பை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது. விமான இறக்கையை ஒட்டிய காற்று நகராமல் நிற்கும். சற்று மேலே போகப்போக வேகம் கூடும். இந்த மெல்லிய பகுதிக்கு எல்லை அடுக்கு என்று பெயர். அதற்குள் வேகம் எப்படி மாறுகிறது என்று அளந்து, உராய்வைக் கணக்கிட்டு ஊகிப்பதே வழக்கம். அதிவேக ஓட்டத்தில் அடுக்கு மிக மெலிந்துவிடுவதால், உள்ளே நுழைக்கும் அளவுக் கருவியே ஓட்டத்தைக் கலைத்துவிடும்.

இதற்கு மாற்று, உராய்வை நேரே அளப்பது. காற்று ஓடும் சுவரின் சிறு துண்டு ஒன்றைத் தனியாக வெட்டி, மெல்லிய இடைவெளி விட்டு, வளையும் தகடுகளில் நிறுத்தினால் காற்று அதை இழுக்கும். அந்த நுண்ணிய நகர்வை மின்கருவி காட்டிக்கொடுக்கும். யோசனை முன்பே இருந்ததுதான். அதை ஒலியை மிஞ்சும் ஓட்டத்திலும் நம்பத்தக்கதாக்கியது தவானின் திறமை. துண்டு சுவர் மட்டத்தைவிட இம்மியளவு துருத்தினாலும், இடைவெளியில் அழுத்தம் ஏறி இறங்கினாலும் அளவு பிசகும். இங்கே கணிதத் தேர்ச்சியைவிடக் கைவேலையின் துல்லியமே முந்தி நிற்கிறது. முடிவுகள் அமெரிக்க அரசின் விமானவியல் அறிக்கையாக 1953இல் வெளிவந்தன.

1951இலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்துவிட்ட அவர், ஒலியை மிஞ்சும் காற்றோட்டத்துக்கான காற்றுச் சுரங்கங்களை இந்தியாவில் முதன்முதலாகக் கட்டினார். குறுகிப் பின் விரியும் குழாய் வழியே காற்றைச் செலுத்தினால், குறுகிய கழுத்தில் அது ஒலியின் வேகத்தை எட்டி, அப்பால் அதைத் தாண்டும். குழாயின் வளைவு பிசகினால் ஓட்டம் சீராக இராது.

தவானிடம் வந்த மாணவர் ரொத்தம் நரசிம்மாவும் இயந்திரப் பொறியியல் பட்டதாரி. ஊதுபத்திப் புகை நேராக எழுந்து திடீரெனச் சுழல்வதுபோல, எல்லை அடுக்கும் சீரிலிருந்து கொந்தளிப்புக்கு மாறுகிறது. அங்கங்கே கொந்தளிப்புத் திட்டுகள் பிறந்து, வளர்ந்து, ஒன்று சேர்வதால் இது நிகழ்கிறது என்று 1951இல் ஹோவர்ட் எம்மன்ஸ் என்ற ஆய்வாளர் சொல்லியிருந்தார். திட்டுகள் பெரும்பாலும் ஒரு குறுகிய பட்டையில் பிறக்கின்றன என்று கொண்டால், மாற்றம் எப்படிப் பரவுகிறது என்பது அளவீடுகளோடு பொருந்துவதை நரசிம்மா 1957இல் காட்டினார். அடுத்த ஆண்டு அவரும் தவானும் சேர்ந்து எழுதிய கட்டுரை, டர்பைன் இறக்கைகளைக் கணக்கிடுவோருக்கு இன்றும் பயன்படுகிறது.

பொறுப்புகள் பெருகிய பின்னும் தவான் ஆய்வைக் கைவிடவில்லை. 1972இல் இஸ்ரோவின் தலைமையை ஏற்றபோது, ஏற்கெனவே வகித்துவந்த அறிவியல் கழக இயக்குநர் பதவியும் தொடர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். நரசிம்மா 1984 முதல் 1993 வரை தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். அங்கே 1967 முதல் இயங்கும் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கத்தில் இந்திய ராக்கெட்டுகளின், விமானங்களின் மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன.