புது பைக்கை ஏன் விரட்டக்கூடாது?

வரி குறைவு என்று புதுச்சேரிக்குப் போய் பைக் எடுப்பவர்கள் உண்டு. (12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும், அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.) திண்டிவனம் வழியாகச் சென்னையை அடுத்த காட்டுப்பாக்கம் வர ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நாற்கரச் சாலை, புது வண்டி. கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

ஆனால் இன்ஜின் இன்னும் இறுக்கமாக இருக்கும். சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பானதல்ல. ஆயில் தங்குவதற்காகவே குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் கூரான மேடுகளை பிஸ்டன் ரிங் தேய்த்துத் தேய்த்துத்தான் சுவரோடு பொருந்தும். விரட்டினால் உராய்வுச் சூட்டில் ஆயில் படலம் அறுந்துவிடும். அதற்காக உருட்டிக்கொண்டே வருவதும் சரியல்ல. எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. ஆகவே ஒரே வேகத்தில் போகாமல் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள்.

தேய்ந்த உலோகத்தூள் ஆயிலில் கலக்கும். முதல் சர்வீஸில் வடிக்கும் ஆயிலை வெயிலில் பாருங்கள், மினுமினுக்கும். அந்த சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரேக்கும் புதிதுதான். பேட் டிஸ்க்கோடு முழுதாகப் படியும்வரை பிடிப்பு குறைவு. காட்டுப்பாக்கம் சிக்னலை நெருங்கும்போது முன்னால் ஷேர் ஆட்டோ இருந்தால் கூடுதல் இடைவெளி விடுங்கள். அது எங்கே நிற்கும் என்று ஓட்டுநருக்கே தெரியாது.