சீட்டைக் கவிழ்க்கும் கலை

1988-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், ஹார்ஸ்ஷூ என்னும் சூதாட்ட விடுதியில் நடைபெற்ற உலகப் போக்கர் போட்டியின் இறுதிக் கட்டத்தில், முந்தின ஆண்டும் பட்டம் வென்றிருந்த ஜானி சான் என்பவரும், அப்போட்டிக்குப் புதியவரான எரிக் சைடெல் என்ற நியூயார்க் இளைஞரும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். சைடெலின் கையில் ஒரு ராணியும் ஓர் ஏழும் இருந்தன. சானின் கையில் ஒரு ஜாக்கியும் ஓர் ஒன்பதும். இருவருக்கும் பொதுவாக மேஜை நடுவே விரிக்கப்பட்ட முதல் மூன்று சீட்டுகள் ராணி, எட்டு, பத்து. தம் ராணிக்கு ஜோடி சேர்ந்துவிட்டதைக் கண்டு சைடெலுக்குத் துணிவு பிறந்தது. அதே மூன்று சீட்டுகளோ சானுக்கு எட்டு முதல் ராணி வரை இடையறாத வரிசையொன்றை முழுமையாக்கிவிட்டிருந்தன. சான் அதைச் சிறிதும் காட்டிக்கொள்ளாமல், எதிரியே முன்வந்து விழட்டும் என்று நிதானமாகக் காத்திருந்தார். கடைசிச் சீட்டும் விழுந்தபின் சைடெல் தம் வில்லைகள் அனைத்தையும் பணயமாக நடுவே தள்ளினார்; அத்துடன் போட்டி முடிந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த 'ரவுண்டர்ஸ்' என்ற திரைப்படம் இக்காட்சியைப் பிரசித்தமாக்கிற்று.

டெக்ஸஸ் ஹோல்டெம் என்று வழங்கும் இவ்வகைப் போக்கரின் விதிகள் இந்த ஓர் ஆட்டத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள். நடுவே பொதுச் சீட்டுகள் முதலில் மூன்று, பின்னர் ஒன்று, மறுபடி ஒன்று. ஆக ஏழில் சிறந்த ஐந்தே ஒருவருடைய கை. பொதுச் சீட்டு விழுமுன் ஒரு தரமும், விழுந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தரமும் பணயம் வைக்கப்படும். எதிரி வைத்த பணயத்துக்கு ஈடு கட்டலாம், அதை உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகிவிடலாம்.

கைகளின் மதிப்பு அருமையைப் பொறுத்தது. ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம் என்று கணிதம் காட்டுகிறது. அவற்றுள் ஒரே ஜோடி மட்டும் உள்ள கைகள் 10,98,240. ஒரே மதிப்பில் நான்கு சீட்டுகள் சேர்ந்தவை 624. ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை வரிசையாக அமைந்தவை நான்கே நான்கு. மற்றவற்றின் படிநிலையை ஒரு மாலைப்பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். அதற்குமேல் அதில் சிரமப்பட வேண்டியதில்லை.

சிரமப்பட வேண்டியது விலகுவதில்தான். புதிதாக ஆடுகிறவர், சும்மா உட்கார்ந்திருக்க மனமின்றி, வந்த சீட்டையெல்லாம் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆட்டத்திலும் கலந்துகொள்ள விரும்புகிறார். தேர்ந்தவரோ பெரும்பாலான சீட்டுகளைப் பார்த்த கணமே கவிழ்த்துவிடுகிறார். கையில் ஜோடி வருவது பதினேழு தரத்தில் ஒரு தரம். இரண்டு ஏஸும் சேர்ந்து வருவது 221 தரத்தில் ஒரு தரமே. முதலில் பேசவேண்டிய இடத்தில் அமர்ந்தவர், பின்னால் இருப்பவர்களின் கருத்தை அறியாமலே பணயம் வைக்க நேர்வதால், இன்னும் கண்டிப்பாகச் சீட்டைப் பொறுக்க வேண்டும். கடைசியில் பேசுகிறவருக்குச் சற்றுத் தாராளம் தகும்.

ஈடு கட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு பொதுச் சீட்டுகள் விழுந்துவிட்டன. உங்களிடம் நான்கு இஸ்பேடுகள் சேர்ந்திருக்கின்றன. ஐந்தாவது வந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காணாத 46 சீட்டுகளில் இஸ்பேட் ஒன்பது. ஆகவே அது வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. நடுவே 600 வில்லைகள் குவிந்திருக்க, ஈடு கட்ட 100 வேண்டுமென்றால், நான்கு தரம் நூறு நூறாக இழந்தாலும் ஐந்தாம் தரம் 600 கிடைக்குமாதலால் தொடர்வது லாபம். குவிந்திருப்பது 200 மட்டுமானால் அதே சீட்டைக் கவிழ்ப்பதே விவேகம். இரு சந்தர்ப்பத்திலும் சீட்டு ஒன்றுதான், விலைதான் வேறு.

இதையெல்லாம் முற்றிலும் புதியவர் ஒருவர் கற்ற வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது. மரியா கொன்னிக்கோவா உளவியலில் டாக்டர் பட்டம் பெற்ற எழுத்தாளர். அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று ஆராய முற்பட்டு, ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் போக்கருக்கு வந்தார். நல்ல கை வந்தபோது மட்டும் பணயம் வைக்கிறவனை எல்லோரும் அறிந்துகொண்டு விலகிவிடுவர்; ஆகவே வெறுங்கையோடு வலிமை பாராட்டும் பாசாங்கும் அளவோடு வேண்டும் என்பதைக் கணித முறையிலேயே அந்நூல் நிறுவுகிறது. கட்டில் எத்தனை சீட்டு என்பதுகூட அறியாத நிலையில் கொன்னிக்கோவா தேடிச் சென்ற ஆசிரியர் வேறு யாருமல்லர், அன்று சானிடம் தோற்ற எரிக் சைடெலேதான். இதற்குள் அவர் உலகப் பெரும் ஆட்டக்காரர்களுள் ஒருவராகிவிட்டிருந்தார். மாணவி ஹட்சன் நதியைக் கடந்து, இணையப் போக்கர் அனுமதிக்கப்பட்ட நியூஜெர்ஸிக்கு ரயிலில் சென்று, காப்பிக்கடைகளில் அமர்ந்து சிறு பணயங்களுக்கு ஆடிப் பழகினார். இன்ன சீட்டு வந்து என்னைக் கெடுத்தது என்று அவர் முறையிட்டால் சைடெல் செவி கொடுப்பதில்லை. முடிவெடுத்த தருணத்தில் என்ன யோசித்தாய் என்பதையே கேட்பார். எனக்கு இது மிக உயர்ந்த ஆசிரியத்துவமாகத் தோன்றுகிறது. இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜாக்களிடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தரம் தோற்கத்தான் வேண்டும். அந்தத் தோல்வியில் திருத்திக்கொள்ள ஏதுமில்லை. 2018-இல் பஹாமஸ் தீவில் நடந்த போட்டியொன்றில் அம்மாணவி முதல் பரிசாக 84,600 டாலர் வென்றார்.

இப்பரிசுத் தொகையைக் கண்டு மயங்கிவிடலாகாது. பணம் வைத்து ஆடி நொடித்துப்போன குடும்பங்களின் கண்ணீரை நாம் அறிவோம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நம் நாட்டில் தடை செய்திருப்பதும் அதனால்தான். கற்க விரும்புகிறவர் வீட்டில் நாலு பேராக அமர்ந்து புளியங்கொட்டைகளை வைத்து ஆடலாம். ஆனால் இழப்பில்லாத ஆட்டத்தில் எவரும் சீட்டைக் கவிழ்ப்பதில்லை. கவிழ்க்காவிட்டால் கற்பதும் இல்லை. ஆகையால் ஆளுக்கு நூறு கொட்டைக்குமேல் கொடுக்காமல், தீர்ந்தவருக்கு அன்று மறுபடி தராமல், மிச்சத்தை நோட்டில் குறித்துவைத்து மறுவாரம் அந்தக் கணக்கிலிருந்தே தொடரவேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சீட்டுகளையும் மலர்த்தி வைத்து, விலகியவர் ஏன் விலகினார், தொடர்ந்தவர் எதை எண்ணித் தொடர்ந்தார் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்வது நல்லது. வென்றவரிடமே முதலில் கேட்கலாம்.